‘ஒண்ணும் இல்லைங்க’ என்று நான் சொன்ன வருடங்கள்

வண்டி மூன்றாவது முறையாகத் திரும்பியது.

மரக்காணம் உப்பளத்தில் லோடு ஏற்றிக்கொண்டு, கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே வந்துகொண்டிருந்தோம். பின்னால் உப்பு மூட்டைகள். அவற்றிலிருந்து கசிந்த தண்ணீர் சாலையில் சொட்டிக்கொண்டே வந்தது. என் கணவர் சிராஜ் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தார். பக்கத்து சீட்டில் நான், மடியில் டிபன் பையோடு.

“மைமூன், அந்தப் பாலத்துக்கிட்ட டொக்குனு ஒரு சத்தம் கேட்டுச்சே. யாரையாச்சும் அடிச்சிட்டேனா?”

“ஒண்ணும் இல்லைங்க. ரோட்டுல பள்ளம்.”

“நீ பாத்தியா?”

“பாத்தேன்.”

“கண்ணாடியில பாத்தியா, தலையத் திருப்பிப் பாத்தியா?”

“ரெண்டுலயும் பாத்தேங்க. யாரும் இல்ல. நீங்க போங்க.”

போனார். கொஞ்ச தூரம்தான். பிறகு வண்டியின் வேகம் குறைந்தது. இண்டிகேட்டர் டிக்டிக் என்று அடிக்க ஆரம்பித்தது.

பாலத்தருகே இறங்கினார். தார் ரோட்டைக் குனிந்து பார்த்தார். ஓரத்து முள்செடிகளை விலக்கிப் பார்த்தார். வாய்க்காலுக்குள் எட்டிப் பார்த்தார். முன் டயரை விரலால் தடவி, விரலைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார். ஈரம்தான் இருந்தது, உப்புத் தண்ணீர்.

பாத்தி வரப்பில் அன்னக்கூடையில் உப்பு சுமந்து போய்க்கொண்டிருந்த பெண்கள் நின்றுவிட்டார்கள். அவர்களில் ஒருத்தி சத்தமாகக் கேட்டாள்.

“இன்னா பாய், எதனா தொலைச்சிட்டியா?”

“இல்லம்மா” என்றார் அவர்.

அதற்கு முன்பே இரண்டு முறை அதே இடத்தில் அதே பெண்கள் எங்களைப் பார்த்தாயிற்று. நான் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். வெட்கம்தான், வேறென்ன சொல்ல.

வேலையை விட்ட கதை

போன வாரம் இந்தப் பத்திரிகைத் தொடரில், பள்ளிக்கூட வேலையை விட்டேன் என்று ஒரே வரியில் எழுதிவிட்டுத் தாண்டிப் போய்விட்டேன். விடுவார்களா வாசகிகள்? ஒருவர், மாமியார் கொடுமையா என்றுகூடக் கேட்டிருந்தார். என் மாமியார் என் கல்யாணத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார், பாவம். அவர் மேல் பழி வேண்டாம்.

நான் வேலையை விட்டது என் கணவரின் வண்டியில் பக்கத்து சீட்டில் உட்காருவதற்காக. யாரையும் இடிக்கவில்லை என்று சாட்சி சொல்வதற்காக. பதினோரு வருஷம் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தமிழும் கணக்கும் சொல்லிக் கொடுத்தவள், ஒரு நாளைக்கு நூறு தரம் ‘ஒண்ணும் இல்லைங்க’ என்று சொல்லும் உத்தியோகத்துக்கு மாறிக்கொண்டேன்.

இதை எழுதலாமா என்று அவரிடம் கேட்டேன். “எழுது. என்ன மாதிரி எத்தன பேரு வண்டிய ஓரங்கட்டி வச்சிட்டு வீட்டுல உக்காந்திருக்கானோ” என்றார். அதனால் எழுதுகிறேன்.

அவர் மோசமான டிரைவர் இல்லை. சவூதியில் தமாமில் எட்டு வருஷம் பெரிய வண்டி ஓட்டியவர். எங்கள் ஊர் கூனிமேட்டில் பாதி வீடுகளில் யாராவது ஒருவர் அப்படிப் போய் வந்தவர்தான். இவரும் திரும்பி வந்து, சின்ன லோடு வண்டி ஒன்று வாங்கினார். நாங்கள் அதைக் குட்டியானை என்போம். கடற்கரைக் குப்பங்களில் கருவாடு போடுகிறவர்களுக்கு உப்பு கொண்டுபோய்க் கொடுப்பதுதான் தொழில். அனுமந்தையில் ஆரம்பித்துப் பொம்மையார்பாளையம் வரைக்கும் அவருக்கு வாடிக்கை உண்டு.

இரண்டு வருஷம் நன்றாகத்தான் போயிற்று. ஒரு மழைக்காலத்தில், காலாப்பட்டுப் பக்கம் யாரோ ஒருவர் ஏதோ ஒரு வண்டியில் அடிபட்டுச் சாலையோரம் கிடந்தார். வேஷ்டியால் மூடியிருந்தார்கள். எல்லாரையும்போல் இவரும் வண்டியை நிறுத்திப் பார்த்துவிட்டு வந்தார். அன்று ராத்திரி சாப்பிடும்போது, “இடிச்சவனுக்கு இடிச்சதே தெரியலயாம், போய்ட்டே இருந்திருக்கான்” என்றார். மறுநாளும் அதையே சொன்னார். அப்புறம் ஒரு நாள், “எனக்கும் அப்படித் தெரியாமப் போயிருந்தா?” என்று கேட்டார்.

அதற்குப் பிறகு அவர் வண்டிக்குக் கீழே வந்த ஒவ்வொரு பள்ளமும் ஒரு மனிதனாக ஆகிவிட்டது.

முதலில் திரும்பிப் போய்ப் பார்த்தார். பிறகு வண்டியைக் கழுவும்போது டயரில் ரத்தம் தேடினார். பேப்பரில் விபத்துச் செய்திகளை மட்டும் படித்தார். அரை மணி நேரப் பாதைக்கு இரண்டரை மணி நேரம் ஆயிற்று. கருவாட்டுக்கார அம்மாக்கள் மீனைக் கீறி வைத்துவிட்டு உப்புக்குக் காத்திருந்து, வேறு வண்டிக்குச் சொல்ல ஆரம்பித்தார்கள். அப்போதுதான் நான் கூடப் போனேன். ஒரு வாரம் போனால் சரியாகிவிடும் என்று நினைத்து லீவு போட்டேன். ஒரு மாதம் கழித்து ராஜினாமாக் கடிதம் கொடுத்தேன்.

சும்மா சொல்லக்கூடாது, நான் கூட உட்கார்ந்ததும் அவருக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. முதல் சில நாள், ஒரு முறை சொன்னால் போதும். பிறகு இரண்டு முறை. பிறகு வல்லாஹி என்று ஆணையிட்டுச் சொல்ல வேண்டும். அல்லாவின் பெயரால் எத்தனை பள்ளங்களுக்கு நான் சத்தியம் செய்திருக்கிறேன் என்று நினைத்தால் இப்போதும் பயமாக இருக்கிறது. வீட்டில் அவர் கேட்டால், எங்கள் மகள் நஸ்ரின் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டே, தலையைக்கூட நிமிர்த்தாமல், “ஒண்ணும் இல்லத்தா, யாரும் சாகல” என்பாள். அப்போது அவள் ஒன்பதாம் வகுப்பு. அவளும் பழகிவிட்டிருந்தாள்.

அறுபது நோன்பு

ஒரு நாள் அவர் நோன்பு வைக்க ஆரம்பித்தார். ரமலான் மாதம் இல்லை. கேட்டதற்கு, நேர்ச்சை என்றார். சரி, அல்லாவை நினைத்தால் மனசு அமைதிப்படட்டும் என்று நானும் விடியலுக்கு முன் எழுந்து சோறு ஆக்கிக் கொடுத்தேன்.

பத்து நாள் ஆயிற்று, இருபது ஆயிற்று. முப்பத்தெட்டாம் நாள் மாலை அஸர் தொழுகைக்குக் கை, கால், முகம் கழுவி ஒளு செய்துவிட்டு வந்தவர் முகம் வெளிறி உட்கார்ந்தார்.

“வாய் கொப்பளிக்கறப்போ தண்ணி உள்ள போய்ட்டுதோன்னு சந்தேகமா இருக்குது.”

“போயிருக்காதுங்க.”

“போயிருந்தா? நாளைக்கு மறுபடியும் ஒண்ணுலேர்ந்து ஆரம்பிக்கணும். அறுபதும் விடாமப் பிடிக்கணும்.”

அறுபது என்றதும் எனக்குத் தலையில் இடி விழுந்த மாதிரி இருந்தது. தவறுதலாக ஒருவரைக் கொன்றுவிட்டவர், அதற்குப் பரிகாரமாக இரண்டு மாதம் தொடர்ந்து நோன்பு வைக்க வேண்டும் என்று மார்க்கத்தில் ஒரு வழி இருக்கிறது. நடுவில் முறித்துவிட்டால் மறுபடி முதலிலிருந்து. மதரசாவில் சின்ன வயதில் படித்தது எனக்கு ஞாபகம் இருந்தது.

என்னிடம் நேர்ச்சை என்று சொல்லிவிட்டு, இவர் கொலைக்குப் பரிகாரம் செய்துகொண்டிருக்கிறார். அப்படியானால் யாரைக் கொன்றார்?

எனக்கு உடனே தமாம்தான் நினைவுக்கு வந்தது. எட்டு வருஷம் அங்கே இருந்தவர், பத்து வருஷம் முடித்துவிட்டுத்தான் வருவேன் என்று சொன்னவர், ஏன் திடீரென்று கிளம்பி வந்தார்? அங்கே யாரையாவது அடித்துப் போட்டுவிட்டு வந்தாரா? ஊரிலும் அப்படி ஒரு பேச்சு இருந்தது என்று பிறகு தெரிந்தது. கூனிமேட்டில் இப்படிப்பட்ட பேச்சை யாரும் முகத்துக்கு நேரே கேட்க மாட்டார்கள். சலாம் சொல்லிவிட்டு ஒரு நொடி கூடுதலாகப் பார்ப்பார்கள், அவ்வளவுதான்.

நானும் அவரைக் கேட்கவில்லை. அவரோடு தமாமில் ஒரே அறையில் இருந்த கடலூர்க்காரர் செல்வத்துக்குப் போன் போட்டேன்.

“நம்ம பாயா? ஒரு பூனை குறுக்க வந்தாக்கூட பிரேக்க மிதிச்சிட்டு எறங்கிப் பாப்பாருக்கா. அவரு கைல ஒரு ஆக்சிடெண்ட் கெடையாது. கம்பெனிய மூடுனான், எல்லாரும் வந்தோம்” என்றார்.

எனக்கு உயிர் வந்தது. இரண்டு நாள் நன்றாகத் தூங்கினேன். மூன்றாம் நாள், நண்பனைக் காப்பாற்றுவதற்காகச் செல்வம் மறைக்கிறாரோ என்று தோன்றியது. மறுபடி போன் போட்டேன். அதே பதில். ஒரு வாரம் கழித்து மறுபடியும். “ஏங்க்கா, அதான் போன வாரமே சொன்னேனே” என்று அவர் தயங்கினார். அதோடு விட்டேனா? அதே கம்பெனியில் இருந்த இன்னொருவரின் நம்பரை வாங்கி அவரையும் கேட்டேன்.

என் கணவர் சாலையில் செய்ததைத்தான் நான் போனில் செய்துகொண்டிருந்தேன். அப்போது அது எனக்குப் புரியவே இல்லை.

இரண்டாவது சுற்று ஐம்பத்திரண்டாம் நாள் முறிந்தது. உப்பளத்தில் காற்று அடித்தால் உப்பு முகத்தில் படியும். உதட்டில் ஒட்டும். லோடு ஏற்றிக்கொண்டிருந்தபோது, தன்னை அறியாமல் உதட்டை நக்கிவிட்டார் போலிருக்கிறது. நாக்கில் உப்பு கரித்ததாம். வேண்டுமென்று விழுங்கினேனா, இல்லையா என்று மூன்று நாள் யோசித்தார். நான்காம் நாள், “ஒண்ணு” என்று ஆரம்பித்தார்.

மூன்றாவது சுற்றில் உப்பளத்துக்குள் நுழையும்போதே வாயையும் மூக்கையும் துண்டால் இறுகக் கட்டிக்கொண்டார். கத்திரி வெயில். அந்த வெள்ளை வெளியில் தரையைப் பார்க்க முடியாமல் கண் கூசும். பச்சைத் தண்ணீர் குடிக்காமல், மூச்சு விடவும் வழியில்லாமல் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தவர், இருபதாம் நாளோ என்னவோ, அம்பாரமாய்க் குவித்த உப்பின் மேலேயே சாய்ந்து விழுந்தார்.

நான் வண்டியிலிருந்து இறங்கி ஓடுவதற்குள் உப்பு சுமக்கிற பெண்கள் அவரைக் கீற்றுக் கொட்டகைக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். துண்டைப் பிய்த்து எறிந்து, கேனிலிருந்து வாயில் தண்ணீர் ஊற்றினார்கள். எதையாவது தொலைத்தாயா என்று கேட்ட அதே பெண்தான் அவர் தலையை மடியில் வைத்திருந்தாள்.

கண் திறந்ததும் அவர் கேட்டது, “தண்ணி குடுத்தீங்களா?”

“குடுக்காம? செத்துப் பூட்டிருப்ப” என்றாள் அவள்.

அவர் அழுதார். நான் அவரைக் கல்யாணம் செய்து பதினாறு வருஷம் ஆகியிருந்தது. அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான்.

ஹஜ்ரத் வந்தார்

விஷயம் கேள்விப்பட்டு அன்று மாலை எங்கள் பள்ளிவாசலில் தொழவைக்கும் ஹஜ்ரத் எங்கள் வீட்டுக்கு வந்தார். அறுபது நோன்பைச் சொல்லிக் கொடுத்தது அவர்தான் என்பது எனக்கு அப்போதுதான் தெரியும். தவறுதலாக ஒரு ஆள் செத்துவிட்டால் மார்க்கத்தில் என்ன பரிகாரம் என்று என் கணவர் போய்க் கேட்டிருக்கிறார். ஹஜ்ரத் சொல்லியிருக்கிறார். யார், எங்கே, எப்போது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒருவர் தன் குற்றத்தை மறைத்து வைத்திருந்தால் அதைத் தோண்டக்கூடாது என்பது எங்களில் மரியாதை. அவரும் தமாம் என்றுதான் நினைத்திருக்கிறார்.

“சிராஜ் பாய், நோன்பு முறிஞ்சதுக்காக வருத்தப்படாதீங்க. உயிருக்கு ஆபத்துன்னா முறிக்கலாம். செத்தவரு குடும்பம் சவூதியிலதான் இருக்குதா? அவங்ககிட்ட மன்னிப்புக் கேக்க எதாச்சும் வழி...”

“சவூதியிலயா? அங்க யாரும் சாகல ஹஜ்ரத்.”

“அப்போ இங்கயா?”

“இங்கயும் யாரும் செத்ததா எனக்குத் தெரியல. செத்திருப்பாங்களோன்னு...”

நான் கொண்டுபோய் வைத்த டீ ஆறி ஆடை கட்டியது.

“யாரு செத்தான்னு நான் கேட்டிருக்கணும்” என்றார் ஹஜ்ரத் கடைசியில். “கேக்காம விட்டது என் தப்பு. என்ன மன்னிச்சிடுங்க பாய்.”

அவர் அப்படிச் சொல்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. எனக்கு அவர் மேல் இருந்த கோபம் பாதி அங்கேயே போய்விட்டது. மீதிப் பாதி என் மேலேயே வர வேண்டியது. நானும் ஊர் உலகத்துக்கெல்லாம் போன் போட்டேனே தவிர, கட்டினவரிடம் யார் செத்தது என்று கேட்கவில்லை.

ஹஜ்ரத் தொடர்ந்து பேசினார். மதரசாவில் அவரோடு ஓதிய ஒருவர், ஒளு சரியாக வந்ததா என்ற சந்தேகத்தில் கை கால்களைத் திரும்பத் திரும்பக் கழுவுவாராம், அதில் தொழுகையே தவறிப் போகுமாம். “நாங்க அத வஸ்வாஸ்னு சொல்லுவோம். சைத்தான் போடற சந்தேகம்னு அவனுக்கு ஓதிப் பாத்தோம். ஓதறது இருக்கட்டும். அவன் கடைசியில டாக்டர்கிட்ட போய்த்தான் சரியானான். பாய், மார்க்கத்துல கொலைக்குத்தான் பரிகாரம். சந்தேகத்துக்குப் பரிகாரம் கெடையாது. நாளைக்கு நானே கூட வர்றேன்.”

சொன்னபடி வந்தார். புதுச்சேரியில் ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவு வராந்தாவில், தொப்பியும் ஜிப்பாவுமாக எங்களோடு பெஞ்சில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தார். தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவார்களே என்று நான்தான் தலையைக் குனிந்துகொண்டிருந்தேன்.

அந்த ஒரு கேள்விக்கு மட்டும் பதில் சொல்லாதே

டாக்டர் ஒரு பெண். என்னைவிடப் பத்து வயதாவது சின்னவர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “யாரையாவது அடிச்சதா உங்களுக்கு ஞாபகம் இருக்குதா?” என்றார்.

“இல்ல மேடம். ஆனா அடிக்கலன்னு நூத்துக்கு நூறு உறுதியா சொல்ல முடியல.”

“யாராலயும் முடியாதுங்க. நானும் காலையில கார் ஓட்டிட்டுத்தான் வந்தேன். நான் யாரையும் அடிக்கலன்னு நூத்துக்கு நூறு எனக்கும் தெரியாது. ஆனா திரும்பிப் போய்ப் பாக்கல.”

என் கணவர் அவரை நிமிர்ந்து பார்த்தார். அத்தனை மாதங்களில் யாரும் அவரிடம் அப்படிப் பேசியதில்லை. எல்லாரும் ‘ஒண்ணும் இல்லை’ என்றுதான் சொல்லியிருந்தோம்.

இதற்கு ஓசிடி என்று பெயர், எண்ணச் சுழற்சி நோய் என்றும் சொல்வார்கள் என்றார் டாக்டர். வேண்டாத நினைப்பு எல்லாருக்கும் வரும், வந்து போய்விடும். இந்த நோய் உள்ளவர்களுக்கு அது போகாது. உறுதி கொடு, உறுதி கொடு என்று பிடுங்கும். திரும்பிப் போய்ப் பார்த்தால் கொஞ்சம் அடங்கும். அடங்கிய ருசியில் அடுத்த முறை இன்னும் பலமாகக் கேட்கும். பைத்தியம் இல்லை, பாவம் இல்லை, தைரியக் குறைச்சலும் இல்லை, வைத்தியம் உண்டு என்றார். மாத்திரை எழுதினார். வேலை செய்யப் பல வாரம் ஆகும், நடுவில் நிறுத்தக்கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். வாரா வாரம் வந்து, திரும்பிப் பார்க்காமல் வண்டி ஓட்டுவதைப் படிப்படியாகப் பழக வேண்டும் என்றார்.

பிறகு என் பக்கம் திரும்பினார். “ஒரு நாளைக்கு எத்தன தடவ ‘ஒண்ணும் இல்ல’ன்னு சொல்றீங்கம்மா?”

“நூறு இருக்கும்.”

“அத நிறுத்தணும். கொஞ்சம் கொஞ்சமா, அவருக்குத் தெரிஞ்சே நிறுத்தணும்.”

எனக்கு வந்ததே கோபம். அதற்காக வேலையை விட்டவள் நான். அதைச் சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டவள் நான். “என் புருஷன் துடிக்கிறாரு. ஆறுதலா ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?” என்று கேட்டேன்.

“ஆறுதல் சொல்லுங்க. அந்தக் கேள்விக்கு மட்டும் பதில் சொல்லாதீங்க. நீங்க சொல்ற பதில்தான் அவரத் திரும்பவும் கேக்க வைக்குது.”

வெளியே வந்து ஆஸ்பத்திரிக் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டே அழுதேன். இத்தனை நாள் நான் ஊட்டியது அவரையா, அவருடைய நோயையா? ஒன்றரை வருஷம் வீணாகப் போனதே என்று நெஞ்சு எரிந்தது.

அடுத்து வந்த மாதங்களைப் பற்றி நிறைய எழுத எனக்குத் தெம்பில்லை. டாக்டர் சொன்ன மாதிரி, “உங்களுக்குக் கஷ்டமா இருக்குதுன்னு தெரியுதுங்க, நான் இங்கதான் இருக்கறேன்” என்று சொல்வேன். “கிளிப்பிள்ளை மாதிரி அதையே சொல்லாத! அடிச்சேனா இல்லயா, அத மட்டும் சொல்லு” என்று கத்துவார். ஒரு தடவை டம்ளரை விட்டெறிந்தார். அது என் மேல் படவில்லை. ஆனால் என் மேல் பட்டதா, காயமா என்று அன்று முழுக்கக் கேட்டார். அதற்கும் நான் பதில் சொல்லக்கூடாதாம். கையைத் தூக்கிக் காட்டிவிட்டால் முடிந்துபோகிற விஷயம். கைகளைப் புடவைக்குள் மறைத்துக்கொண்டு நின்றேன். இப்படியும் ஒரு மனைவி இருப்பாளா என்று எனக்கே என் மேல் வெறுப்பாக இருந்தது.

நஸ்ரின்தான் ஏமாற்றினாள். எனக்குத் தெரியாமல், கொல்லைப்புறத்தில் வைத்து, “ஒண்ணும் இல்லத்தா” என்று காதில் சொல்லிவிடுவாள். பிடிபட்டபோது, “அத்தா கெஞ்சுனாருமா, என்னால முடியல” என்று தேம்பினாள். அவளை என்னவென்று திட்டுவது?

மாத்திரை மெல்ல மெல்ல வேலை செய்தது. முதலில் நான் பின் சீட்டுக்கு மாறவேண்டும் என்று டாக்டர் சொல்ல, குட்டியானையில் பின் சீட்டு ஏது மேடம் என்று இவர் கேட்டார். டாக்டர் சிரித்துவிட்டார். இவரும் சிரித்தார். அவர் சிரித்து எவ்வளவு நாள் ஆகியிருந்தது! அதனால் நான் நேரே வீட்டிலேயே நின்றுகொண்டேன். தனியாக அனுமந்தை வரைக்கும் போய் வந்தார். வியர்வையில் சட்டை ஒட்டியிருந்தது. இரண்டு முறை திரும்பினேன் என்று உண்மையைச் சொன்னார். அடுத்த மாதம் ஒரு முறை. மழை வந்து உப்பளம் மூடுவதற்குள் தனியாகப் பொம்மையார்பாளையம் போய்வர ஆரம்பித்துவிட்டார். திரும்புகிற நாளும் உண்டு, திரும்பாத நாளும் உண்டு. மறு ஜூனில் நான் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடம் ஒன்றில் மறுபடி சேர்ந்தேன். மறுபடியும் மூன்றாம் வகுப்பு.

அந்த வளைவு

இப்போது சொல்லப்போவது அவருக்கே தெரியாது.

நான் வேலையில் சேர்ந்து சில வாரம் ஆகியிருக்கும். காலை இடைவேளையில் அவரிடமிருந்து போன்.

“மைமூன், அனுமந்தைக்கு இந்தப் பக்கம் ஒரு வளைவு வருமே, சவுக்குத் தோப்புக்கிட்ட. அங்க டயர்ல ஏதோ ஏறி எறங்குச்சு. நல்லாத் தெரிஞ்சுது. என்னன்னு தெரியல.”

“சொல்லுங்க.”

“திரும்பல. நேரா வந்துட்டேன். இப்போ பொம்மையார்பாளையத்துல எறக்கிட்டு இருக்கறேன்.”

கையிலிருந்த சாக்பீஸை மேசையில் வைத்தேன்.

“உன்ன ஒண்ணும் கேக்கல. சொல்லணும்னு தோணுச்சு, அவ்வளவுதான்” என்று வைத்துவிட்டார்.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. பிள்ளைகள் பார்க்கிறார்களே என்று கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அந்த மனிதர் எவ்வளவு பெரிய காரியம் செய்திருக்கிறார் என்று அந்தப் பள்ளிக்கூடத்தில் யாருக்குத் தெரியும்? மெடல் கொடுக்க வேண்டும் போல இருந்தது.

அடுத்த வகுப்பில் கழித்தல் கணக்கு போட்டுக்கொண்டிருந்தேன். ஏதோ ஏறி இறங்கியது, நன்றாகத் தெரிந்தது என்றாரே. வழக்கமாகச் சத்தம் என்றுதான் சொல்வார், சந்தேகம் என்பார். இன்றைக்கு நன்றாகத் தெரிந்தது என்றார். உண்மையிலேயே ஏதாவது இருந்தால்? இத்தனை வருஷம் ஒன்றும் இல்லை ஒன்றும் இல்லை என்று சொல்லி, ஒரே ஒரு நாள் ஏதோ இருந்து, அன்று பார்த்துத் திரும்பாமல் வந்திருந்தால்?

தலைமையாசிரியையிடம் தலைவலி என்று சொல்லி அரை நாள் லீவு வாங்கினேன். பஸ் ஏறி அனுமந்தையில் இறங்கி, வெயிலில் நடந்தேன். சவுக்குத் தோப்பு வளைவில் நின்று, தார் ரோட்டைக் குனிந்து பார்த்தேன். ஓரத்துச் செடிகளைக் குடைக் காம்பால் விலக்கிப் பார்த்தேன். பைக்கில் போன ஒருவர் வேகத்தைக் குறைத்து, என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போனார். பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டு, அடுத்த பஸ்ஸில் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மாலையில் அவர் வந்தார். குளித்தார். மஃரிப் தொழுதுவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்தார். ஒவ்வொரு வாய்க்கும் இடையில், கேட்பார் கேட்பார் என்று நான் எதிரே உட்கார்ந்திருந்தேன். பதில் என் நாக்கு நுனியில் இருந்தது. இந்த முறை பள்ளத்துக்குச் சத்தியம் செய்யவேண்டிய அவசியமே இல்லை, கண்ணால் பார்த்த பதில். ஒரு வார்த்தை சொன்னால் அவர் அன்றைக்கு நிம்மதியாகத் தூங்குவார்.

அவர் கேட்கவில்லை. ரசம் ஊற்று என்றார். ஊற்றினேன்.

அன்று ராத்திரி அவர் புரண்டு புரண்டு படுத்தார். நானும்தான். ஆனால் வாயைத் திறக்கவில்லை. மறுநாள் காலையில் எழுந்து வண்டியை எடுத்துக்கொண்டு அதே வழியில்தான் போனார்.

அந்த வளைவில் நான் என்ன பார்த்தேன் என்று இங்கே எழுத மாட்டேன். வாசகர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. இந்தப் பத்திரிகை கூனிமேட்டுக் கடைக்கு வந்ததும் முதல் ஆளாக வாங்கிப் படிப்பவர் அவர்தான். நான் போய்ப் பார்த்தேன் என்பதே இதைப் படிக்கும்போதுதான் அவருக்குத் தெரியப்போகிறது. படித்துவிட்டு வீட்டுக்கு வருவார். சமையற்கட்டு வாசலில் நின்று என் முகத்தைப் பார்ப்பார். என் முகத்தில் எதுவும் தெரியாதபடி நான் அரிசி களைந்துகொண்டிருக்க வேண்டும்.

என்னங்க, கேக்காதீங்க. கேட்டாலும் சொல்ல மாட்டேன்.